அத்தாவுக்கு, மோர்டனிலிருந்து

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் துஆவால் நலமாக இருக்கிறேன். அங்கே நீங்களும் அம்மாவும் தம்பியும் நன்னியும் நலம்தானே? நன்னியின் கால் வீக்கம் வடிந்ததா? உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்குக் கருவாடு வேண்டவே வேண்டாம்.

வியாழக்கிழமை போனில், என் வீட்டுக்கார அம்மா, நபிகளாருக்குப் பிறகும் ஒரு நபி வந்தார் என்று நம்பும் அஹ்மதிய்யா ஜமாஅத்தைச் சேர்ந்தவர் என்று தெரிந்ததும், "அந்த வீட்டை உடனே காலி பண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு மூன்று தடவை கூப்பிட நினைத்தேன். பேச ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், உங்களுக்குக் கோபம் வரும், அம்மா நடுவில் போனை வாங்கிவிடுவார். அதனால்தான் எழுதுகிறேன். தம்பியைப் படிக்கச் சொல்லாமல், நீங்களே கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

இங்கே டிசம்பர் மாதம் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது. மாலை நாலு மணிக்கு முன்பே மக்ரிப் வந்துவிடுகிறது. லுஹர், அஸர், மக்ரிப் மூன்று தொழுகைகளும் என் ஒரே பகல் ஷிஃப்டுக்குள் அடங்கிவிடுகின்றன. வார்டில் மருந்து வைக்கும் அறையின் மூலையில் ஒரு துண்டை விரித்துத் தொழுகிறேன். கோட்டயத்துப் பெண் ஒருத்தி அந்த ஐந்து நிமிடமும் என் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வாள். சர்ச்சுக்குப் போகிற பெண். மக்ரிப் நேரம் எனக்கு முன்னால் அவளுக்குத்தான் ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமை டூட்டிங் கடைத்தெருவுக்குப் போனால் யாழ்ப்பாணத்து அண்ணாமார் கடையில் முருங்கைக்காய் முதல் கறிவேப்பிலை வரை எல்லாம் கிடைக்கும். மீன் மட்டும் ஐஸில் உறைந்து கிடக்கும். காசிமேட்டில் விடியற்காலையில் படகிலிருந்து இறங்கும் வஞ்சிரத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அதைக் கையில் எடுக்கவே மனசு வராது. ஆனாலும் வாங்குகிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒன்றை மறைத்தேன், அத்தா. மன்னியுங்கள்.

ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் பார்த்துத்தான் இந்த அறைக்கு வந்தேன். வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பாகிஸ்தான் பஞ்சாபைச் சேர்ந்தவர். கணவர் இல்லை. ஆபா என்று கூப்பிடுகிறேன். நான் வந்த முதல் வாரமே காய்ச்சலில் விழுந்தேன். இரண்டு இரவு என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த வெள்ளிக்கிழமை, "பள்ளிவாசலுக்கு வருகிறாயா?" என்று கேட்டார். இங்கே பெண்களுக்கும் ஜும்ஆவுக்கு இடம் உண்டு என்ற சந்தோஷத்தில் கிளம்பிவிட்டேன். பெரிய வெள்ளைக் குவிமாடம், தூரத்திலிருந்தே தெரியும். பைத்துல் ஃபுதூஹ் என்று பெயர், 2003-ல் திறந்தது. தொழுதுவிட்டு வெளியே வந்தபோதுதான் அது அஹ்மதிய்யா ஜமாஅத்தின் பள்ளி என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு லுஹரைத் தனியாகத் தொழுதேன். அதற்குப் பிறகு அங்கே தொழப் போகவில்லை. அல்லாஹ் மேல் ஆணையாக, என் ஈமானில் ஒரு அணுவும் அசையவில்லை. முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால், ஏன் அசையவில்லை என்று நானே என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ராயபுரத்தில் ஓதும் பள்ளியில், "நம் நபி (ஸல்) இறுதி நபி" என்று ஹஜ்ரத் சொல்ல, நாங்கள் சொன்னோம். எதிரே உட்கார்ந்து "எப்படி?" என்று கேட்க அங்கே ஆள் இல்லை. இங்கே ஆபா கேட்டார்.

அஹ்ஸாப் சூராவின் நாற்பதாவது ஆயத்து உங்களுக்கு மனப்பாடம். வளர்ப்பு மகன் ஜைது (ரலி) விஷயத்தில் வந்த பேச்சுக்குப் பதிலாக இறங்கியது. முஹம்மது உங்கள் ஆண்களில் எவருக்கும் தந்தை அல்லர், அவர் அல்லாஹ்வின் தூதர், காதமுன் நபிய்யீன், அதாவது நபிமார்களின் முத்திரை என்கிறது. எல்லா விவாதமும் அந்த "காதம்" என்ற ஒரு சொல்லில் நிற்கிறது. முத்திரை. நாம் ஓதும் முறையான ஆஸிம் கிராஅத்தில் அது காதம். வேறு கிராஅத்துகளில் காதிம், முடித்துவைப்பவர். நம் ஆலிம்கள் இரண்டையும் சேர்த்து ஒரே பொருள்தான் சொல்கிறார்கள்: வாசல் மூடப்பட்டது.

ஆபா சொல்வது வேறு. முத்திரை என்றால் ஒப்புதல் முத்திரையாம். நபிகளார் நபிமார்களில் மிக உயர்ந்தவர், அவருடைய முத்திரை இல்லாமல் இனி யாருக்கும் எந்த மேன்மையும் கிடைக்காது. புதிய ஷரீஅத், அதாவது புதிய மார்க்கச் சட்டம் வராது. ஆனால் அவரைப் பின்பற்றி, அவருடைய நிழலாக, அவருக்குக் கீழ்ப்பட்ட ஒரு நபி வரலாம். காதியான் என்ற ஊரில் 1835-ல் பிறந்து 1908-ல் இறந்த மிர்ஸா குலாம் அஹ்மதை அப்படித்தான் நம்புகிறார்கள். 1889-ல் அவர் பைஅத் என்ற உறுதிமொழி வாங்கத் தொடங்கினார். அவர்களுக்குள்ளேயே இதில் பிளவு உண்டு என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும். 1914-ல் லாகூர் பிரிவு தனியாகப் போனது. மிர்ஸா நபி இல்லை, மார்க்கத்தைப் புதுப்பிக்கும் முஜத்தித் மட்டுமே, முஹம்மது (ஸல்) அவர்களுக்குப் பிறகு எந்த வகை நபியும் கிடையாது என்பது அவர்கள் நிலை.

இதைக் கேட்டபோது எனக்கு உங்கள் வேலைதான் ஞாபகம் வந்தது, அத்தா. சின்ன வயசில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உங்களோடு நின்றபோது, கன்டெய்னர் கதவில் போடும் சீலைக் காட்டி, "இது விழுந்த பிறகு ஒரு குண்டூசி உள்ளே போகக் கூடாது" என்று சொன்னீர்கள். அன்று உங்கள் ஆபீஸ் மேஜையில் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தது. அது விழுந்தால்தான் காகிதம் செல்லும். இரண்டும் முத்திரைதான். ஆபா ஸ்டாம்பைப் பார்க்கிறார், நாம் சீலைப் பார்க்கிறோம். அதனால் வெறும் அகராதியை வைத்து இதைத் தீர்க்க முடியாது என்று எனக்குப் பட்டது. இந்தச் சொல்லை நபிகளாரே எப்படி விளக்கினார்கள் என்றுதான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் என் மனசு உறுதியானது. ஒரு மனிதர் அழகான வீடு கட்டி, மூலையில் ஒரே ஒரு செங்கல்லுக்கு இடம் விட்டுவைத்தார், அந்தச் செங்கல் நானே என்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தபூக் படையெடுப்புக்குக் கிளம்பும்போது அலீ (ரலி) அவர்களை மதீனாவில் விட்டுச் சென்றார்கள். "மூஸாவுக்கு ஹாரூன் போல நீர் எனக்கு, ஆனால் எனக்குப் பிறகு நபி இல்லை" என்றார்கள். இந்த ஹதீஸை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். ஹாரூன் நபி. அந்த உவமையைச் சொன்ன உடனே, யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஷரீஅத் கொண்ட நபி, நிழல் நபி என்ற பிரிவெல்லாம் வைக்காமல் வாசலைச் சாத்துகிறார்கள். ஹாரூன் நபியும் தனி ஷரீஅத் கொண்டுவந்தவர் அல்லவே, அத்தா. மூஸா நபிக்குத் துணையாக நின்றவர்தானே. ஷியாக்கள் அலீ அவர்களின் சிறப்புக்கு இதே ஹதீஸைத்தான் முன்வைக்கிறார்கள். அவர்களும் இமாம் என்கிறார்களே தவிர நபி என்று சொல்வதில்லை.

ஆபாவிடம் இதைச் சொன்னேன். அவர் சும்மா இருக்கவில்லை. "காதமுன் நபிய்யீன் என்று சொல்லுங்கள், அவருக்குப் பிறகு நபி இல்லை என்று சொல்லாதீர்கள்" என்று ஆயிஷா (ரலி) சொன்னதாக ஒரு செய்தி உண்டு, அதை எடுத்துக்காட்டினார். நம் ஆலிம்கள் அதன் அறிவிப்பாளர் தொடரைப் பலவீனமானது என்கிறார்கள். சரியென்றே வைத்தாலும், கிறிஸ்தவர்கள் இயேசு என்கிற ஈஸா (அலை) திரும்பி வருவதை மனதில் வைத்துச் சொன்னது என்கிறார்கள். உடனே ஆபா அதையே பிடித்துக்கொண்டார். "ஈஸா நபி திரும்பி வருவார் என்று நீங்களும் நம்புகிறீர்களே, அப்போது கடைசி யார்?" அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பஸ்ஸில் போகும்போதுதான் பதில் தெளிவாக வந்தது. ஈஸா நபிக்கு நுபுவ்வத், அதாவது நபித்துவம் கொடுத்தது நம் நபிக்கு முன்னால். அவர் வருவது நம் ஷரீஅத்தின்படி நடக்க. கடைசியாக நுபுவ்வத் கொடுக்கப்பட்டவர் முஹம்மது (ஸல்) தான். ஆபாவோ ஈஸா நபி இயற்கையாக இறந்துவிட்டார், கப்ரு ஸ்ரீநகரில் இருக்கிறது என்று நம்புகிறவர். அதனால் இந்தப் பதில் அவரை அசைக்கவில்லை. என்னை நிமிர்த்தியது.

நபிகளாருக்குப் பிறகு நடந்த யமாமா போரை நினைத்துப் பார்த்தேன். தானும் நபி என்று சொன்ன முஸைலிமா நம் நபியை மறுக்கவில்லை. தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்றுதான் கேட்டான். முதல் கலீஃபா அபூபக்ர் (ரலி) அந்தப் பங்கைக் கொடுக்கவில்லை. அந்தப் போரில் குர்ஆனை மனப்பாடம் செய்த எத்தனையோ ஹாஃபிழ்கள் ஷஹீதானார்கள். அதைப் பார்த்துத்தான் குர்ஆனை ஒரே இடத்தில் தொகுக்கத் தொடங்கினார்கள். நான் தினமும் கையில் எடுக்கும் முஸ்ஹபுக்குப் பின்னால் அவர்கள் உயிர் இருக்கிறது.

இன்னொரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கும். 1929 ஜனவரியில் கவிஞர் அல்லாமா இக்பால் நம் சென்னைக்கு வந்து சொற்பொழிவாற்றினார். அழைத்தது ஜமால் முஹம்மது சாஹிப், பெரம்பூர் ஜமாலியா மதரஸாவின் குடும்பத்தவர். அந்தத் தொடர் மறுவருஷம் லாகூரில் நூலாக வந்தது. நுபுவ்வத் ஏன் முடிந்தது என்பதற்கு அதில் அவர் சொல்லும் காரணம் என்னை உலுக்கியது. இனி எவரும் வானத்திலிருந்து எனக்குத் தனி அதிகாரம் வந்திருக்கிறது என்று சொல்லி இன்னொருவர் தலைமேல் உட்கார முடியாது, மனிதன் தன் அறிவால் நிற்கும் வயதுக்கு வந்துவிட்டான் என்கிறார். இறுதி நபி என்பதை நான் ஒரு வேலி என்றுதான் நினைத்திருந்தேன், அத்தா. இதைப் படித்த பிறகு அது விடுதலையாகவும் தெரிகிறது. இதே இக்பால்தான் 1935-ல், அஹ்மதிகளைத் தனிச் சமூகமாகக் கணக்கிட வேண்டும் என்று எழுதியவர்.

இவ்வளவு தெளிவு வந்த பிறகும் ஏன் வீட்டை விடவில்லை என்று கேட்பீர்கள்.

ஆபாவின் கணவர் பாஸ்போர்ட் கதையைக் கேளுங்கள். பாகிஸ்தானில் முஸ்லிம் என்று போட்டு பாஸ்போர்ட் வாங்க, மிர்ஸா பொய்யர் என்று ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அவர் போடவில்லை. 1974 செப்டம்பரில் அந்த நாட்டு அரசியல் சட்டம் அவர்களை முஸ்லிம் அல்லாதார் ஆக்கியது. 1984-ல் வந்த சட்டம், பாங்கு சொன்னாலும் தங்கள் இடத்தைப் பள்ளி என்று சொன்னாலும் சிறை என்றது. ஆபா இங்கே வந்து இத்தனை வருஷமாகியும், யாராவது வேகமாகக் கதவைத் தட்டினால் விளக்கை அணைத்துவிடுவார். 2016-ல் கிளாஸ்கோவில் கடை வைத்திருந்த அஹ்மதி ஒருவரை, வேறு ஊரிலிருந்து காரில் வந்த ஒருவன் குத்திக் கொன்றான். நம் நபியின் பெயரைச் சொல்லித்தான் கொன்றான். அதைச் சொல்லும்போது ஆபா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத்தான் தலை குனிந்தது. நபிகளார் மீது உள்ள பிரியத்துக்கு இப்படி ஒரு வேலை தேவையா, அத்தா?

நீங்கள் தினமும் கடந்துபோகும் ஐகோர்ட் இருக்கிறதே, அங்கே 1922-ல் மலபாரிலிருந்து ஒரு வழக்கு வந்தது. கணவன் அஹ்மதியாகிவிட்டான், அதனால் நிக்காஹ் முறிந்துவிட்டது என்று மனைவிக்கு வேறு கல்யாணம் நடந்தது. அஹ்மதியானதால் ஒருவன் இஸ்லாத்தை விட்டுப் போய்விட்டான் என்று ஆகாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். அது சட்டத்தின் தீர்ப்பு. மார்க்கத்தின் தீர்ப்பை ஆலிம்கள்தான் சொல்ல வேண்டும், அவர்கள் சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனால் ஒரு மனுஷியோடு ஒரே அடுப்பில் சமைப்பதற்கு அந்தத் தீர்ப்பு குறுக்கே வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே அவர்களைக் காதியானி என்று சொன்னால் புண்படுகிறார்கள். நானும் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். நீங்களும் போனில் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், ஸ்பீக்கரில் கேட்டுவிடுகிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் அறுத்த கறியை நான் தொடுவதில்லை. அதை ஆபாவிடம் முதல் மாதமே சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். அப்புறம் எனக்கென்று ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தார். மீனுக்கு அறுப்பு இல்லை. அதனால்தான் டூட்டிங்கில் அந்த ஐஸ் மீனை வாங்குகிறேன். ஞாயிறு இரவு நம் வீட்டு மீன் குழம்பை நான் வைக்க, அவர் ரொட்டி போடுவார். இருவரும் பிஸ்மில்லாஹ் சொல்லித்தான் சாப்பிடுகிறோம்.

இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் நம் ஹஜ்ரத்திடம் காட்டுங்கள். தனி அறை, தனிச் சட்டி, தொழுகை தனி, இப்படி இருக்கும்போது வாடகைக்கு இருப்பது கூடுமா என்று கேளுங்கள். கூடாது என்று அவர் சொன்னால் வேறு அறை தேடுகிறேன். ஆனால் ஆபாவிடம் என்ன காரணம் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்பதையும் அவரே சொல்லிக்கொடுக்கட்டும். எனக்குத் தெரியவில்லை.

மண்ணடியில் ஜும்ஆ முடிந்ததும் பள்ளி வாசலிலிருந்தே கூப்பிடுங்கள். அங்கே இரண்டு மணி என்றால் இங்கே காலை எட்டரை. நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் இருப்பேன். எடுக்கிறேன்.

உங்கள் மகள்