இஸ்திரி அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்துச் சாலக்குடி பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல இப்போது தெம்பில்லை. படகோடு வந்த கடற்கரைச் சகோதரர்கள், மாடியில் இடம் கொடுத்த பக்கத்து வீட்டுச் சேச்சி, கஞ்சி காய்ச்சிய பிள்ளைகள், முகம் சுளிக்காமல் சேறு அள்ளியவர்கள், அத்தனை பேருக்கும் கைகூப்புகிறேன்.

இஸ்திரி அண்ணாச்சியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கொச்சி வன டிராம்வே பற்றி நான் சேர்த்திருந்த காகிதங்கள் பையோடு ஊறிக் கிடந்தன. பரம்பிக்குளம் காட்டுத் தேக்கை 1907 முதல் 1963 வரை நம் ஊருக்கு இறக்கிய 49.5 மைல் ரயில் பாதை அது. வரைபட நகல்களோடு, தாத்தா சொல்லச் சொல்ல அப்பா எழுதிய நோட்டும் அதில் இருந்தது. நல்லவேளை, பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தார்.

“பிரிக்காதீங்க தம்பி, கிழிஞ்சிரும்” என்று பையை வாங்கிக்கொண்டார் அண்ணாச்சி. அவர் அறையிலும் தண்ணீர் புகுந்திருந்தது. இருந்தும் பெட்டியில் கரி போட்டு, அனல் தணியும்வரை காத்திருந்து, புறங்கையால் சூடு பார்த்தார். பழைய வேட்டித் துணியை மேலும் கீழும் வைத்து, ஒவ்வொரு தாளாக ஒற்றி ஒற்றி எடுத்தார். இரண்டு பகல் அவருக்கு வேறு வேலையே இல்லை. காசு நீட்டியபோது கோபித்துக்கொண்டார்.

ஒரு படத்தைப் பார்த்து, “இவ்வளவு சரிவுல எஞ்சின் எப்படி ஏறும்?” என்று கேட்டார். அந்தச் சரிவுகளில் எஞ்சின் கிடையாது. மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்கும். வடத்தின் மறுமுனையில் கட்டிய காலி வண்டியை அந்தப் பாரமே மேலே இழுத்துவிடும். உச்சியில் பிரேக் பிடிப்பவர்கள் கையில்தான் எல்லாம். சொன்னதும் அண்ணாச்சி கேட்டார்: “அவங்க பேரு இதுல இருக்கா?”

என் காகிதங்களில் இல்லை. ஜெர்மனியில் எஞ்சின் செய்த கம்பெனியின் பெயர் இருக்கிறது. வடம் அறுந்தால் உயிரே போகும் இடத்தில் நின்றவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை.

வீடு சீரானதும் குரியார்குட்டியிலிருந்து தொடங்கி, பழைய பாதையோர ஊர்களில் கேட்டுக் கேட்டு எழுதப்போகிறேன். பிரேக் பிடித்தவர்கள், தண்டவாளம் சரிசெய்தவர்கள், மரம் தள்ளிய காடர், மலசர் பழங்குடி மக்கள் என்று யார் பெயர் கிடைத்தாலும் எழுதுவேன். உங்கள் வீட்டில் யாராவது டிராம்வேயில் வேலை பார்த்திருந்தால், பெயரும் பார்த்த வேலையும் மட்டும் சொல்லுங்கள், போதும்.