சாட்சி கையெழுத்துப் போடாத வாக்குமூலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போலீசிடம் சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சிகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, அதற்குக் காரணமான பணத்தையும் மிரட்டலையும் சரியாகவே எடுத்துச் சொன்னது. 2024 டிசம்பரில் பாளையங்கோட்டை நீதிமன்ற வாசலிலேயே ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டதைப் பார்த்த ஊர் இது. இங்கே சாட்சிக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பயப்படாமல் வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொல்லியும், 'நம்பத்தகுந்தவர் அல்ல' என்று பெயர் வாங்கித் திரும்புகிறவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் நடந்தது. தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம், வயல் வேலைக்குப் போகிறவர், ஓர் அடிதடி வழக்கில் சாட்சி. எப்போது பார்த்தீர்கள் என்றால் 'விளக்கு வைக்கிற நேரம்' என்பார். ஸ்டேஷனில் அதை 'மாலை சுமார் 6.30 மணியளவில், சுமார் 20 அடி தூரத்தில்' என்று எழுதிவிட்டார்கள். கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மணியையும் அடியையும்தான் பிடித்துக்கொண்டார். தெருவிளக்கு எரிந்தது என்றார் பெரியம்மா. அதைப் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லையே என்றார் வக்கீல். 'சொன்னேன் ஐயா' என்றார் இவர். சொன்னதை எழுதியவர் விட்டுவிட்டார், அவ்வளவுதான். பிறகு விசாரணை அதிகாரி கூண்டில் ஏறினார். 'இந்தச் சாட்சி தெருவிளக்கு பற்றி உங்களிடம் சொல்லவில்லைதானே?' என்ற கேள்விக்கு, கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்து 'ஆமாம், சொல்லவில்லை' என்றார். எழுதாமல் விட்டது போலீஸ், பொய் சொன்னவர் என்ற பழி பெரியம்மாவுக்கு! குறுக்கு விசாரணைக்குப் பிறகு விளக்கம் பெற வாய்ப்பிருந்தும், அரசு வக்கீல் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

போலீசிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்துப் போடக் கூடாது என்பது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 162-வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 181. போலீஸ் கட்டாயப்படுத்தி வாங்கியதை வைத்து ஒருவரைக் கட்டிப்போடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் வந்தது அது. ஆனால் தான் படித்துப் பார்க்காத, கையெழுத்தும் போடாத அந்தத் தாளையே காட்டி 'முன்பு இப்படிச் சொன்னாயே' என்று சாட்சியை முரண்படுத்தவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. முக்கியமான ஒன்று விட்டுப்போயிருந்தால் அதுவும் முரண்பாடாகலாம்.

குறுக்கு விசாரணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் ஒரு தகராறு என்றால் அந்த இடத்திலேயே இல்லாத, எதிராளியின் அண்ணன் தம்பி பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிற வழக்கம் உண்டு. சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல ஆளைத் தயார் பண்ணி நிறுத்துவதும் உண்டு. அப்படிப்பட்ட சாட்சியை உடைத்துக் காட்ட ஒரு நல்ல வக்கீல் இல்லாவிட்டால் ஒன்றும் அறியாதவன் ஜெயிலுக்குப் போவான். எத்தனை சாட்சி என்பது முக்கியமில்லை, ஒருவரே ஆனாலும் முழுக்க நம்பத்தகுந்தவரா என்றுதான் பார்க்க வேண்டும் என்று 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படிப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு அவர் உண்மையிலேயே முன்பு என்ன சொன்னார் என்பது தெரிய வேண்டாமா?

1983-இல் குஜராத்திலிருந்து போன பர்வாடா போகின்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. சாட்சியின் நினைவு போட்டோ எடுத்ததுபோல் இருக்காது, நேரத்தையும் கால அளவையும் மனிதர்கள் ஒரு குத்துமதிப்பில்தான் சொல்வார்கள், கோர்ட் சூழலும் துளைத்தெடுக்கும் கேள்விகளும் ஆளைத் தடுமாற வைக்கும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நல்ல தீர்ப்பு. ஆனால் கீழ்க்கோர்ட்டில் ஒரு மணி நேரம் கூண்டில் நின்று தலைகுனிந்து இறங்கியவருக்கு அது போய்ச் சேருவதில்லை.

வழி சட்டத்திலேயே இருக்கிறது. சாட்சியின் வாக்குமூலத்தை ஒலி, ஒளியாகப் பதிவு செய்யலாம் என்று அதே புதிய சட்டத்தின் 180-வது பிரிவு சொல்கிறது. 'செய்யலாம்' என்பதால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கொலை, கொலை முயற்சி, சாதி மோதல் வழக்குகளிலாவது நெல்லை மாவட்டத்தின் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இதைக் கட்டாயமாக்க மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் மாநகரக் காவல் ஆணையரும் உத்தரவு போட வேண்டும். குற்றப்பத்திரிகையோடு அந்தப் பதிவின் நகலும் குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்குப் போகட்டும். என் பெரியம்மா 'விளக்கு வைக்கிற நேரம்' என்று சொன்னது அவர் குரலிலேயே நீதிபதிக்குக் கேட்கட்டும். அதற்குப் பிறகு வக்கீல் எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி.