புது பேட்டரி போட்டும் பேசாத சாவி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் பாதி நிம்மதி. மீதியைக் கெடுத்தது உன் கார் சாவிப் புராணம். பேட்டரி மாற்றினாயாம், அன்றிலிருந்து ரிமோட் வேலை செய்யவில்லையாம், புதுச் சாவியே வாங்கு என்று சொல்லிவிட்டார்களாம். அவசரப்படாதே. நேற்று வரை திணறித் திணறியாவது வேலை செய்த சாவி, திறந்து மூடிய அன்றே படுத்துவிட்டது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது உன் கையைத்தான். கோபித்துக்கொள்ளாதே, என் கையும் அதே லட்சணம்.

போன வருஷம் எனக்கும் இதே கூத்து. சாவியில் இருந்தது சிஆர்2032 என்ற எண் போட்ட பேட்டரி. நான் அவசரத்தில் போட்டது சிஆர்2025. இரண்டும் 3 வோல்ட், இரண்டும் 20 மில்லிமீட்டர் வட்டம், மேலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். வித்தியாசம் கடைசி இரண்டு இலக்கத்தில்: 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் தடிமன், 25 என்றால் 2.5. அந்த 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில், பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கும் தகடு சில சமயம் தொடும், சில சமயம் தொடாது. சாவியை உலுக்கினால் கதவு திறக்கும், சட்டைப்பையில் போட்டு எடுத்தால் திறக்காது. சரியான பேட்டரி வாங்கிப் போட்டேன். அப்போதும் ஊமை!

ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பேட்டரிக்கு அடியில் இரண்டு சின்ன நாக்குகள் மாதிரி தகடுகள். ஒன்று நிமிர்ந்து நின்றது, மற்றது படுத்துக் கிடந்தது. பழைய பேட்டரியை ஸ்குரூ டிரைவரால் நெம்பியபோது நானே அழுத்திப் படுக்கவைத்திருக்கிறேன். ஊசி முனையால் மயிரிழை அளவு தூக்கிவிட்டேன். பேட்டரியைப் போட்டு மூடி அமுக்கினேன், வாசலில் வண்டி இரண்டு முறை கண்ணடித்தது. நான் போட்ட கூச்சலில் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

ஆகவே நீயும் முதலில் பேட்டரியின் எண்ணைப் பார், பிறகு அந்த நாக்குகளைப் பார். பேட்டரி தலைகீழாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. எழுத்தும் கூட்டல் குறியும் உள்ள பக்கம்தான் பாசிட்டிவ். அது மேலே வருமா கீழே வருமா என்பது சாவிக்குச் சாவி மாறும், கூட்டுக்குள்ளேயே குறி இருக்கும். இன்னொன்று: குழந்தைகள் விழுங்காமல் இருக்க இப்போது சில பேட்டரிகளில் கசப்புப் பூச்சு பூசுகிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அது தகடு தொடும் இடத்தில் இருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து ஒரு துடை. பூச்சில்லாத பேட்டரி கிடைத்தால் இன்னும் நல்லது.

புது பேட்டரிதானே என்று நம்பிவிடாதே, புதியதும் செத்ததாக இருக்கலாம். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் சும்மா வைத்தால் பலவீனமான பேட்டரியும் 3 வோல்ட் காட்டி ஏமாற்றும். இடம் கொடுத்தால், சாவிக்குள் இருக்கும்போதே பட்டனை அமுக்கிக்கொண்டு அளந்து பார். எண் சரசரவென்று இறங்கினால் அது கடையிலேயே கிழடான சரக்கு.

நீ எழுதாமல் விட்ட முக்கியமான ஒன்று: வண்டி ஸ்டார்ட் ஆகிறதா? ஒரே கூட்டுக்குள் இரண்டு ஆள் குடியிருக்கிறார்கள். கதவைத் திறக்கும் ரிமோட்டுக்குத்தான் பேட்டரி வேண்டும். எஞ்சினுக்கு அனுமதி தரும் சிப்புக்குப் பொதுவாகப் பேட்டரியே தேவையில்லை. சாவி போடும் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள்தான் அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. கதவு திறக்காமல் எஞ்சின் மட்டும் ஓடினால் கோளாறு அநேகமாகப் பேட்டரிப் பக்கம்தான், மேலே சொன்னதையெல்லாம் பார். கதவு திறந்து எஞ்சின் ஓடவில்லை என்றால், நீ திறந்தபோது அந்தச் சிப் எங்கேயோ உதிர்ந்திருக்கலாம். சில சாவிகளில் அது மின்சுற்றுப் பலகையில் ஒட்டாமல் தனியாக, ஒரு கறுப்புத் துணுக்காகக் கூட்டின் ஓரத்தில் செருகியிருக்கும். குப்பைத்தொட்டியைக் கிளறிவிட்டு அப்புறம் புலம்பு. உன் வண்டி பட்டன் ஸ்டார்ட் என்றால், சாவியை அந்தப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அமுக்கிப் பார். சில வண்டிகளில் பிடிக்க வேண்டிய இடம் வேறு, அது கையேட்டில் இருக்கும்.

பேட்டரியைக் கழற்றியதால் நினைவே அழிந்துவிட்டது என்று சொன்னார்களாமே. பெரும்பாலான சாவிகளில் அப்படி அழியாது. மின்சாரம் இல்லாமலும் நிற்கும் நினைவகத்தில்தான், வண்டி உன் சாவியை அடையாளம் காணும் ரகசியக் குறியீடு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் குறியீடு ஒரு படி முன்னேறும், வண்டியும் கூடவே எண்ணிக்கொண்டு வரும். வண்டி கேட்காத தூரத்தில் உன் பேத்தி சாவியை வைத்து விளையாடி நூற்றுக்கணக்கில் அமுக்கியிருந்தால் கணக்கு தப்பிவிடும். சில வண்டிகளில் சாவியைப் போட்டுத் திருப்பி பட்டனை அமுக்கினாலே ஒத்துப்போய்விடும், சிலவற்றுக்கு மெக்கானிக்கின் கருவி வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால், பெட்டியில் தூங்கும் இரண்டாவது சாவியை எடுத்து ஒரு முறை அமுக்கு. அதுவும் வேலை செய்யவில்லை என்றால் குற்றம் அநேகமாக வண்டியிடம், அதன் பேட்டரியே இறங்கியிருக்கலாம். டிவி ரிமோட் மாதிரி செல்போன் கேமராவில் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதே. கார் சாவி அனுப்புவது ரேடியோ அலை, கேமராவில் ஒன்றும் தெரியாது.

இங்கே எல்லோரும் நலம். என் கண்ணாடி பவர் மறுபடியும் ஏறிவிட்டது, அதனால்தான் பூதக்கண்ணாடி மேசையிலேயே கிடக்கிறது. கழற்றிய பழைய பேட்டரியை எங்கே வைத்தாய்? செத்த பேட்டரி என்று அலட்சியமாக விடாதே. பேத்தி விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். இந்தக் கடிதத்தை மடித்து வைக்கும் முன் அதைத் தேடி எடுத்து, டேப் சுற்றிக் கைக்கு எட்டாத இடத்தில் வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்