கழனிக்கு மெஷின் வருகிற அன்றைக்கு

குரோம்பேட்டை,
பங்குனிக் கடைசி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டி ஆபரேஷன் ஆகி இருபது நாளாகிறது. அக்கா வீட்டுக் கூடத்தில் வாக்கர் இல்லாமலே நடக்கிறேன். மாடிப்படிதான் இன்னும் முடியவில்லை. நேற்று பால்கனியில் உட்கார்ந்திருந்தபோது ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெல்ட் வண்டியை, அதுதான் டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடுகிற நெல் அறுக்கிற மெஷினை, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்ததிலிருந்து மனசு நம் கழனியிலேயே கிடக்கிறது. அடுத்த வாரம் அறுப்பு என்கிறாய். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தடவை நாம் மெஷின் விட்டபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய். நம் கழனியில் அறுத்த பெண்களின் பிள்ளைகளெல்லாம் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறத் தொடங்கியிருந்த சமயம். ஆள் கிடைக்காமல் கதிர் முற்றி நின்றது. அப்பா இல்லாமல் நான் பார்த்த முதல் நவரைப் போகம் அது. ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்திருந்த ஒரு வண்டியைப் பேசினேன். மணிக்கணக்கில் வாடகை. ஒவ்வொரு நிமிஷமும் காசு போகிறதே என்று எனக்கு அடித்துக்கொண்டது. ஓட்டின பையன் நிதானமாகத்தான் ஓட்டினான். நான்தான் வரப்பில் நின்று "வேகமா விடுப்பா" என்று விரட்டினேன். ஒரு மணி நேர வாடகை மிச்சம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கோடை மழை பெய்தது. நாலைந்து நாளில் கழனிக்குப் போனால், வண்டி போன தடத்தில் வரி வரியாகப் பச்சை. நாற்றங்கால் மாதிரி முளைத்து நிற்கிறது. அத்தனையும் நம் நெல், தம்பி. கையால் அறுத்த காலத்தில் சிந்தின கதிரைக்கூட மடியில் பொறுக்கி வந்தவள் நான். அன்றைக்கு வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். இதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

அடுத்த வருஷம் வந்த டிரைவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வண்டி வேகமாகப் போனால் தாள் ஒரேயடியாக உள்ளே புகுந்துவிடும். டிரம் உதிர்த்து, சல்லடை பிரித்து முடிப்பதற்குள் வைக்கோலோடு நெல்லும் பின்பக்கமாக வெளியே போய்விடும். உள்ளே ஃபேன் காற்று கூடினாலும் பதரோடு நல்ல நெல் பறக்கும். காற்றைக் குறைத்தால் தொட்டியில் தூசும் தும்புமாகச் சேரும்.

அதனால் முதல் சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்தச் சொல். பின்னால் நீயே நடந்து போ. வைக்கோலை விலக்கி, ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிற்றைப் போட்டு, உள்ளே கிடக்கிற நெல்லை எண்ணு. வைக்கோல் விழுந்த வரியில் மட்டும் எண்ணினால் கணக்கு கூடுதலாகக் காட்டும். அறுத்த அகலம் முழுக்க நாலு இடத்தில் பார். நம் குண்டு நெல் ஆயிரம் மணி சுமார் 23 கிராம். சதுர மீட்டருக்கு நூறு மணி கிடந்தால் ஏக்கருக்கு ஒன்பது கிலோ போயிற்று என்று அர்த்தம். அக்கா மகள்தான் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். அதற்கு மேல் கிடந்தால் வேகத்தைக் குறைக்கச் சொல், காற்றைப் பார்க்கச் சொல். வாடகை கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் ஆகியிருக்கும் அல்லவா? மதகடிப் பக்கம் இன்னும் சொதசொதவென்று இருந்தால் அதைக் கடைசியில் விடு. காலையில் தாள் ஈரம் காயாமல் ஆரம்பிக்காதே. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டையோடு நிற்க வேண்டியிருக்கும். அறுத்த நெல்லைக் களத்தில் ஒரு நாளாவது காயப்போடு. கிழக்கு மூலையில் சாய்ந்திருக்கிறது என்றாயே, அங்கே கதிரின் தலை வண்டியைப் பார்த்திருக்கிற மாதிரி எதிர்ப்பக்கத்திலிருந்து வரச் சொல்.

இன்னும் இரண்டு விஷயம். மேற்கு வரப்பின் மேல் போகிற கரண்ட் கம்பி தாழ்ந்து தொங்குகிறது. அந்தப் பக்கம் நெல் கொட்டுகிற குழாயைத் தூக்கவே விடாதே. வைக்கோல் அடைத்துக்கொண்டால், என்ஜினை அணைக்காமல் யாரும் உள்ளே கை விடக் கூடாது. டிரைவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் நீ பக்கத்தில் நின்று தடு.

விதைக்கு வைக்கிற துண்டை மட்டும் ஆள் வைத்து அரிவாளால் அறு. டிரம்மில் அடிபட்ட நெல் எல்லாம் முளைக்கும் என்று நம்ப முடியாது. நம் தெருவில் இன்னும் மூன்று பேருக்கு அறுப்பு தெரியும். கூலியை நெல்லாகவே கொடு, அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

அன்றைக்கு ராத்திரி எத்தனை மூட்டை, எண்ணினதில் எத்தனை மணி என்று இரண்டையும் போனில் சொல். எத்தனை மணியானாலும் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா