கேமரா பாடி விலையில் மல்லுக்கட்டுவதை விடுவோம்: கேமரா கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சொந்த முதலில் கேமரா கடையும் போட்டோ லேபும் நடத்திவரும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

ஒருவர் கடைக்குள் வருகிறார். கண்ணாடி அலமாரியிலிருக்கும் புதிய கேமராவைக் கையில் வாங்கி, எடை பார்த்து, வியூஃபைண்டரில் கண் வைத்து, இரண்டு லென்ஸ்களை மாற்றிப் போட்டு, அரைமணி நேரம் கேள்விகள் கேட்டபின், கைபேசியில் ஒரு விலையைக் காட்டி “இந்த விலைக்குத் தருவீர்களா?” என்கிறார். அது நம் கொள்முதல் விலையைவிடக் குறைவாக இருக்கிறது. இந்த அனுபவம் இல்லாதவர் நம்மில் எவரும் இருக்க முடியாது. பல ஆண்டுகள் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விலைக்கே இறங்கிவந்திருக்கிறேன். ஓர் ஆண்டு முடிவில் கணக்குப் புத்தகத்தைத் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், விற்பனைத் தொகையில் பெரும்பகுதி புதிய கேமராக்களிலும், கையில் நின்ற லாபத்தில் பெரும்பகுதி மற்ற வேலைகளிலும் இருந்தது தெரிந்தது. அந்த மற்ற வேலைகளைப் பற்றிப் பேசவே இந்த மடலை எழுதுகிறேன்.

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் தமது முதல் கோடக் கேமராவை, 100 படங்களுக்கான சுருளை உள்ளே ஏற்றியே விற்றார். படங்கள் தீர்ந்ததும் வாங்கியவர் கேமராவை அப்படியே ராச்செஸ்டர் தொழிற்சாலைக்கு அனுப்புவார். அங்கே சுருளைக் கழுவி, பிரிண்ட் போட்டு, புதிய சுருளை ஏற்றித் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை நீங்கள் அழுத்துங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அவர்களுடைய விளம்பர வாசகம். நம் தொழில் பிறந்தது அந்த ‘மீதி’யில்தான். பொத்தான் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஜப்பானிய உற்பத்தியாளர் சங்கமான சிபாவின் கணக்குப்படி 2010இல் 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் உலகச் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைத் தொடவில்லை. சிறிய காம்பாக்ட் கேமராக்களின் இடத்தைக் கைபேசி எடுத்துக்கொண்டது. ஆனால் படம் எடுக்கிறவர்கள் பன்மடங்கு பெருகியிருக்கிறார்கள். அவர்கள் அனைவரிடமும் மீதி வேலை இருக்கிறது.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு புதிய பாடியை, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவை, 100க்கு வாங்கி 105க்கு விற்பதாகவும், போட்ட பணம் ஆண்டுக்கு மூன்று முறை சுழல்வதாகவும் வைத்துக்கொண்டால், அந்த நூறு ஆண்டு முழுவதும் உழைத்துத் தருவது பதினைந்து. பழைய லென்ஸ் ஒன்றை 100க்கு வாங்கி, சுத்தம் செய்து, சோதித்து 140க்கு விற்றால், ஆண்டுக்கு இரண்டே முறை சுழன்றாலும் எண்பது கிடைக்கிறது. லாப விகிதத்தைச் சுழற்சியால் பெருக்கிப் பார்க்கும் இந்தக் கணக்கை ஒவ்வொரு சரக்குக்கும் எழுதி வையுங்கள். எந்த அலமாரி கடைக்குச் சோறு போடுகிறது, எது வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பது ஒரே மாலையில் விளங்கிவிடும்.

பழைய கேமராக்களும் லென்ஸ்களும்தான், என் கணிப்பில், சிறு கடைகளுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய வாய்ப்பு. முகம் தெரியாதவரிடம் பழைய லென்ஸ் வாங்கப் பயப்படுகிறவர், நம்மிடம் வாங்கும்போது நம்முடைய சோதனைக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார். அந்தச் சோதனை ஒழுங்காக நடக்க வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், வெளிக்கண்ணாடி பளபளவென்று இருந்ததை மட்டும் பார்த்து ஒரு போர்ட்ரெய்ட் லென்ஸை வாங்கி விற்றேன். வாங்கியவர் இரண்டு வாரத்தில் திரும்பி வந்து, விளக்குக்கு எதிரே லென்ஸைப் பிடித்துக் காட்டினார். உள்ளே இரண்டாவது கண்ணாடியின் ஓரத்திலிருந்து பூஞ்சை சிலந்தி வலைபோலப் படர்ந்திருந்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவருடைய நம்பிக்கையை அப்படித் திருப்பிப் பெற முடியவில்லை. அவர் மறுபடி வரவேயில்லை.

அன்றிலிருந்து டார்ச் அடிக்காமல் எந்த லென்ஸையும் வாங்குவதில்லை. ஒளி நுழையும் துவாரமான அப்பெர்ச்சரை முழுவதும் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் பாய்ச்சினால் பூஞ்சை, பனிப்படலம், ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்திருப்பது ஆகிய மூன்றும் தெரியும். அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, கேமராவோடு பொருந்தும் மவுண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். பாடியாக இருந்தால் அப்பெர்ச்சரை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரை ஃபோகஸ் விலக்கிப் படமெடுத்து, படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் உள்ள தூசியைப் பார்க்க வேண்டும். கார்டு நுழையும் இடத்தில் ஊசிகள் வளைந்திருக்கின்றனவா, பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கையைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்பநிலைக் கேமராக்களின் ஷட்டருக்கு உற்பத்தியாளர் சொல்லும் ஆயுள் ஏறத்தாழ 1 லட்சம் என்றால், உயர்நிலைத் தொழில்முறைப் பாடிகளில் அது 5 லட்சம் வரை போகிறது என்பதால், 80,000 என்ற ஒரே எண் ஒன்றில் கிழட்டுத்தனத்தையும் மற்றொன்றில் இளமையையும் குறிக்கும். கண்டதையெல்லாம் ஓர் அட்டையில் எழுதிப் பொருளோடு கட்டிவிடுங்கள். “நல்ல நிலை” என்று எழுதுவதைவிட “முன்கண்ணாடியில் இரண்டு மில்லிமீட்டர் கீறல், படத்தில் தெரிவதில்லை” என்று எழுதுவது விற்பனையைக் கெடுக்காது; பேரத்தை வெகுவாகக் குறைக்கும். எழுத்தில் ஆறு மாத உத்தரவாதமும் கொடுங்கள்.

விற்க வருகிறவரின் அடையாளச் சான்றையும் கருவியின் வரிசை எண்ணையும் பதிவேட்டில் எழுதாமல் பணம் கொடுக்கவே கூடாது. திருட்டுப் பொருள் ஒன்று கடையில் பிடிபட்டால் முதலும் போகும், பெயரும் போகும். வாங்கிய சரக்கை 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் உலர் பெட்டியில் வையுங்கள். ஈரப்பதம் 60ஐத் தாண்டி நீடித்தால், நல்ல லென்ஸிலும் பூஞ்சை பிடித்து, நம் அலமாரியே அதை வளர்த்துவிடும்.

ஃபிலிம் மீண்டும் வந்திருக்கிறது என்பதற்காக உடனே லேப் இயந்திரத்தை வாங்கிவிட வேண்டாம். வண்ண ஃபிலிமைக் கழுவும் சி-41 முறையில், படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸில் 3 நிமிடம் 15 நொடி என்ற கணக்கில் ஓடுகிறது. சுருள்கள் போதிய அளவில் வராவிட்டால், தொட்டியில் நிற்கும் டெவலப்பர் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றத்தால் வலுவிழந்து, வாடிக்கையாளரின் படங்களில் நிறம் சரியத் தொடங்கும். எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை, சுருள்களைச் சேர்த்து வாரத்தில் இரண்டு நாள் மட்டும் சிறு தொட்டிகளில் புதிய ரசாயனம் கலந்து கழுவுவதோ, பெரிய லேபுக்கு அனுப்புவதோதான் பாதுகாப்பு. சொந்தமாகக் கழுவுகிறவர்கள், ரசாயனம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டையை ஓட்டி அளந்து பார்த்த பிறகே வாடிக்கையாளரின் சுருளைத் தொட்டியில் இறக்குங்கள். அவர் எடுத்த படத்தை மறுபடி எடுக்க முடியாது. ஸ்கேன் கட்டணத்தையும் ஒருமுறை திருத்திப் பாருங்கள். 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 போன்ற, ஒரு படத்துக்கான இடத்தில் இரண்டு படம் எடுக்கும் அரைச்சட்டக் கேமராக்களில் 36 படச் சுருள் 72 படங்களைத் தருகிறது. சுருளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்திருப்பவர் இருமடங்கு உழைத்து அதே கூலி வாங்குகிறார்.

பழைய படங்களையும் வீடியோ நாடாக்களையும் டிஜிட்டலாக்கும் வேலையை நம்மில் பலர் சில்லறை வேலையாகவே நினைக்கிறோம். அது சரியில்லை. ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் வி.எச்.எஸ். ரெக்கார்டர் உற்பத்தியை நிறுத்திய பிறகு, வீடுகளில் கிடக்கும் நாடாக்களை ஓட்டிப் பார்க்கும் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன. நல்ல நிலையில் ஒரு பிளேயர் கிடைத்தால், உதிரிக்கென்று இன்னொன்றையும் வாங்கி வையுங்கள். ஒரு முறை, முதிய பெண்மணி ஒருவர் பணப்பையின் மடிப்பிலிருந்து, நான்காக மடிந்து நடுவில் வெடித்திருந்த சிறிய படம் ஒன்றை எடுத்து, “இவர் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தால் போதும்” என்றார். அவரிடமிருந்த ஒரே படம் அதுதான். இரண்டரை அங்குல அகலப் படத்தைப் பத்து அங்குலமாக்கி, அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சிட 1,200 புள்ளியில் ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவரிடம் சொல்ல வேண்டியவை மூன்று: மூலப்படம் கடையை விட்டு வெளியே போகாது, இறுதி அச்சுக்கு முன் மாதிரி காட்டப்படும், இந்த நாளில் கிடைக்கும். இத்தகைய வேலைக்கு மணிக்கணக்கில் கூலி வைத்து, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தயங்கித் தயங்கிக் குறைவாகச் சொன்னால், வேலையும் அவசர வேலையாகிவிடும்.

பாஸ்போர்ட் படத்தைப் பற்றி ஒரே எச்சரிக்கை: அந்த வருமானம் அரசு விதிகளைச் சார்ந்தது. ஜெர்மனியில் 2025 மே முதல் அடையாள ஆவணங்களுக்கு அச்சிட்ட படங்களுக்குப் பதிலாக டிஜிட்டல் படங்களே ஏற்கப்படுகின்றன. ஸ்டுடியோவில் எடுப்பவை பாதுகாப்பான இணையவழியில் அனுப்பப்பட வேண்டும். அத்தகைய மாற்றம் எங்கும் வரலாம் என்று எண்ணி, அனுமதி பெற வேண்டிய பதிவுகளை முந்திக்கொண்டு பெற்றுவிடுங்கள். லென்ஸ் வாடகையும் நல்ல வருமானம்தான். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் வாடிக்கையாளர் முன்னிலையில் லென்ஸின் நான்கு பக்கமும் படமெடுத்து வைத்தால், முன்பணத் தகராறு பெரும்பாலும் எழாது.

இவை எல்லாவற்றிலும் மற்றவர்களின் அந்தரங்கம் நம் கைக்கு வருகிறது. பிரிண்ட் போடக் கொடுத்த கோப்புகளை எத்தனை நாளில் அழிப்போம் என்பதைக் கவுண்டரில் எழுதி ஒட்டி, சொன்ன நாளில் அழித்துவிடுங்கள். பழைய கேமராவை விற்குமுன் அதிலுள்ள வைஃபை விவரங்களையும், முந்தைய உரிமையாளரின் பெயரையும், உள்நினைவகத்தில் தங்கிய படங்களையும் நீக்கி, தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுவாருங்கள்.

கைபேசியில் விலை காட்டிய அந்த மனிதரிடம் என்ன சொல்வது? அந்த விலை எனக்குக் கட்டுப்படியாகாது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, இயக்கக் கற்றுத்தரும் வகுப்பின் கட்டணத்தையும் சென்சார் சுத்தம் செய்யும் கட்டணத்தையும் அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தனுப்புகிறேன். சில மாதங்களில், எடுத்த படங்களில் வானத்தில் கரும்புள்ளி விழுகிறது என்று அதே கேமராவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்படி வருகிறவரிடம் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்காதீர்கள். உட்காரச் சொல்லி, லென்ஸைக் கழற்றி, அவர் கண் முன்னாலேயே சென்சாரைப் பாருங்கள்.

அன்புடன்,
கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் உங்களில் ஒருவர்