யார் பார்த்தது என்று கேட்டான்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், உடன் பணிபுரியும் ஆசிரியர்களுக்கும், அலுவலகத்திலும் நூலகத்திலும் வாசலிலும் மைதானத்திலும் பாடுபடும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், ஓடி வந்து கைகொடுத்த முன்னாள் மாணவர்களுக்கும்,

வணக்கம்.

மைதானத்தில் நாம் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் இன்னும் அழியவில்லை. அவை அழிவதற்குள் இந்த மடலை எழுதி முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நாம் எல்லோரும் சேர்ந்து நடத்திய கொண்டாட்ட நாளன்று, மைக்கைப் பிடித்து நாலு வரியில் நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதுதான் அதிகம். மனசு கேட்கவில்லை.

இந்த மூன்று வகுப்புகளுக்கு மட்டும் ஏன் தனியாக ஒரு நாள் என்று முதல் கூட்டத்தில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. சின்னப் பிள்ளைகள் என்ன செய்தாலும் கை தட்டுகிறோம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு, மேற்படிப்பு என்று ஊக்கம் சொல்ல ஆள் இருக்கிறது. 11 வயதிலிருந்து 14 வயது வரை உள்ளவர்கள்தான் இடையில் மாட்டிக்கொள்கிறார்கள். நேற்று வரை ஒரே ஆசிரியை மடியில் வளர்ந்த பிள்ளைக்கு இன்று பாடத்துக்கு ஓர் ஆசிரியர். கண்டிப்பு கூடுகிறது, மதிப்பெண் ஒப்பீடு கூடுகிறது. நானே முடிவெடுக்க வேண்டும் என்ற ஆசை உள்ளே முளைக்கிற அதே வருடங்களில் எல்லா முடிவையும் பெரியவர்கள் எடுத்துவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர்கள் ஜாக்குலின் எக்கிள்ஸும் கேரல் மிட்ஜ்லியும் 1989-இலேயே இந்தப் பொருத்தமின்மையைத்தான் சுட்டிக்காட்டினார்கள்: இந்த வயதில் படிப்பின் மேல் ஆர்வம் குறைவதற்குக் குழந்தையின் வயதை மட்டும் குற்றம் சொல்லக் கூடாது, நாம் அமைத்துக் கொடுத்திருக்கும் பள்ளிச் சூழலும் காரணம் என்று. எங்கள் ஆலோசகர் அக்கா இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது அறை அமைதியானது. முதல் நன்றி அவருக்கு.

இரண்டாவது நன்றி, முழு வருகைப் பரிசு வேண்டாம் என்று ஒத்துக்கொண்ட எல்லோருக்கும். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன், காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த வேறொரு பள்ளியில், ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு மேடையில் கோப்பை கொடுப்போம். காய்ச்சலோடு ஒரு சிறுமி வந்து, பெஞ்சில் தலை சாய்த்தபடி, "லீவு போட்டா கப்பு போயிரும் மிஸ்" என்றாள். அன்று அவளை வீட்டுக்கு அனுப்பத் தெரிந்த எனக்கு, அந்தப் பரிசை நிறுத்தச் சொல்லத் துணிவு வரவில்லை. 2021-இல் கார்லி ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கலிபோர்னியாவில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 15,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள். வருகைக்குப் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னதால் சராசரியாக வருகை கூடவில்லை. முன்பு ஒழுங்காக வந்ததற்காகத் திடீரென்று விருது கொடுத்தபோதோ, விருது வாங்கியவர்களின் வருகை பிறகு குறைந்தே போனது. 'மற்றவர்களைவிட நீ அதிகமாக வந்துவிட்டாய், இவ்வளவு வரவேண்டிய அவசியமில்லை' என்ற செய்தியை விருதிலிருந்து பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். நாம் கொடுக்க நினைத்தது ஒன்று, பிள்ளையின் கைக்குப் போய்ச் சேர்ந்தது வேறொன்று.

அப்படியானால் எதைப் பாராட்டுவது? அங்கேதான் அந்தச் சின்ன நோட்டுகள் வந்தன.

ஆறு வாரம் உங்களில் பலர் சட்டைப் பையிலும் கைப்பையிலும் ஒரு நோட்டோடு அலைந்தீர்கள். விதி ஒன்றுதான்: குணத்தை எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும். 'நல்ல பையன்', 'கெட்டிக்காரி', 'பொறுப்பானவள்' எதுவும் செல்லாது. முதல் வாரம் வந்த குறிப்புகளில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, திரும்பப் போய்ப் பார்த்து எழுதி வந்தீர்கள். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கண்டதை நினைவில் வைத்துத்தான் அந்த விதியைப் போட்டோம். 'நீ புத்திசாலி' என்று புகழப்பட்ட பிள்ளைகள், அடுத்து கடினமான புதிர்களில் சறுக்கியதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். 'நன்றாக முயன்றாய்' என்று கேட்ட பிள்ளைகள் விடாமல் போராடினார்கள். பட்டம் சூட்டினால் அதைக் காப்பாற்றும் பாரமும் சேர்ந்தே ஏறிவிடுகிறது, பாவம்.

வாசல் காவலர் ஐயாவைப் பற்றி இங்கே கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். எழுத வராது என்று முதலில் நோட்டை வாங்க மறுத்தார். நூலக அக்காதான், "நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்று தினமும் மணி அடித்த பிறகு பத்து நிமிடம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்பு ஒன்று இது: 'செவ்வாய்க்கிழமை பெருங்காற்று. சைக்கிள் நிறுத்தத்தில் ஒரு வரிசை மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. ஏழாம் வகுப்புத் தம்பி தன் வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல், 17 வண்டிகளையும் நிமிர்த்தி ஸ்டாண்டு போட்டுவிட்டுப் போனான். ஒன்றில் செயின் கழன்றிருந்தது. அதையும் மாட்டினான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.'

அந்தக் குறிப்பை எழுதிய பாராட்டு அட்டை கைக்கு வந்தபோது அந்தப் பையன் இரண்டு முறை படித்தான். அவனுக்கு இதுவரை எந்தப் பரிசும் கிடைத்ததில்லை. முகத்தில் சிரிப்பில்லை, வெட்கமும் இல்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "யாரு மிஸ் பார்த்தது?" என்று கேட்டான். வாசல் பக்கம் கை காட்டினேன். அட்டையை நாலாக மடித்து ஜியோமெட்ரி பாக்ஸுக்குள், காம்பஸுக்கு அடியில் வைத்துக்கொண்டான். அன்று மாலை காவலர் ஐயாவிடம் போய் ஏதோ பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஐயா, நீங்கள் பார்த்ததற்கு நன்றி.

அட்டைகளில் பெயர் எழுதிக் கொடுத்த தந்தைக்கும் பெரிய வணக்கம். விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் இருப்பவர். நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் உட்கார்ந்து எழுதினார். வருகைப் பதிவேட்டில் இருந்தபடி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஒரு நாள் பள்ளிக்கே வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "ரெண்டு சுழியா, மூணு சுழியா? உன் பேரை நீ எப்படி எழுதுவே?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். பதிவேட்டில் தன் பெயர் வருடக்கணக்காகத் தப்பாக இருப்பதை யாரிடமும் சொல்லாமலே இருந்த பிள்ளைகள் மூன்று பேர் அன்றுதான் சொன்னார்கள். பதிவேட்டைத் திருத்திவிட்டோம்.

விளையாட்டுகளுக்கு வருகிறேன். எதை நடத்துவது என்று பிள்ளைகளே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதை விட்டுக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியருக்கு நன்றி. அவர் ஆசைப்பட்ட தடகளம் தோற்று, காகிதப் பாலமும் புதையல் வேட்டையும் கயிறு இழுத்தலும் ஜெயித்தன. ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டாமல், அன்று காலை ஆறு மணிக்கே வந்து கயிற்றில் முடிச்சுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

புதையல் வேட்டையில் ஒவ்வொரு குறிப்பையும் நாலாகக் கிழித்து, குழுவில் உள்ள நாலு பேருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தது தமிழாசிரியரின் யோசனை. 1971-இல் டெக்சாஸில் இனப் பகை புகைந்துகொண்டிருந்த வகுப்பறைகளுக்காக உளவியலாளர் எலியட் ஆரன்சன் வகுத்த முறையும் இப்படித்தான். ஆளுக்கொரு துண்டு பாடம், எல்லோரும் சேர்ந்தால்தான் முழுப் பாடம். ஒருவரை ஒதுக்கினால் ஒரு துண்டு போய்விடும். ஆறாம் வகுப்புக் குட்டி ஒன்றின் கையிலிருந்த துண்டுக்காக எட்டாம் வகுப்பு அண்ணன்கள் மூன்று பேர் குனிந்து நின்று கேட்ட காட்சியை நான் மறக்க மாட்டேன்.

காகிதப் பாலத்துக்கு ஒரு குழுவுக்கு 20 பழைய தாள், ஒரு சுருள் ஒட்டு நாடா, அரை மணி நேரம். இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒரு முழ இடைவெளி. பாரம் ஏற்ற நூலகப் புத்தகங்கள். தாளை விரித்து வைத்தால் ஒரு புத்தகத்துக்கே தொய்ந்துவிடும். அதே தாளை விசிறி மாதிரி மடித்தாலோ, இறுக்கிக் குழலாகச் சுருட்டினாலோ விறைப்பு வந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுக்காமல் கால் மணி நேரத்தில் பாதிக் குழுக்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டன. அதிகப் பாரம் தாங்கிய பாலத்தோடு, உடைந்த பாலம் ஏன் உடைந்தது என்று சரியாக விளக்கிய குழுவுக்கும் அங்கீகாரம் உண்டு என்று அறிவியல் ஆசிரியை அறிவித்தார். இதற்காக அவருக்குத் தனி நன்றி. பாலம் பொத்தென்று விழுந்ததும் தலை குனிய வேண்டிய பிள்ளைகள், மேசைக்கு அடியில் புகுந்து, மடிப்பு எங்கே விரிந்தது என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலிபெருக்கி நடுவில் இருபது நிமிடம் செத்துப் போனது. முன்னாள் மாணவர்கள் சரிசெய்தார்கள்.

எல்லோருக்கும் மேடை பிடிக்காது என்பதை முன்கூட்டியே நினைவுபடுத்திய பெற்றோருக்கு நன்றி. 'மேடையிலா, வகுப்பிலா, தனியாகவா?' என்று ஒரு சீட்டில் கேட்டு வாங்கியது உங்கள் யோசனை. தனியாக என்று எழுதிக் கொடுத்தவர்களில், எப்போதும் வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளைகளும் இருந்தார்கள். நான் எதிர்பார்க்கவே இல்லை.

கடைசியாக ஒரு விஷயம், இதை எழுத எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது. கொண்டாட்டத்துக்கு முந்தைய நாள் மாலை அட்டைகளைப் பதிவேட்டோடு சரிபார்த்தபோது ஒரு பெயருக்கு அட்டை இல்லை. பாதி வருடத்தில் வந்து சேர்ந்த ஆறாம் வகுப்புச் சிறுமி. எல்லா நோட்டுகளையும் மறுபடி புரட்டினோம். ஆறு வாரத்தில் நம்மில் ஒருவர்கூட அவளைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பொதுவாக ஏதாவது எழுதி ஒப்பேற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, கணித ஆசிரியை, "பொய்யா எழுதினா அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சுடும். நாளைக்கு ஒரு நாள் இருக்கு, பார்ப்போம்" என்றார்.

மறுநாள் பார்த்தவர் பெரியவர் யாருமில்லை. அவள் குழுவின் தலைவியான எட்டாம் வகுப்பு மாணவி மத்தியானம் என்னிடம் வந்து, ஒரு வெற்று அட்டை கேட்டு வாங்கி, தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தாள்: 'எங்கள் பாலம் இரண்டு தடவை விழுந்தது. நாங்கள் நாடாவை எல்லாம் தீர்த்துவிட்டோம். விழுந்த பாலத்திலிருந்து நாடாவைக் கிழியாமல் உரித்து மறுபடி ஒட்டலாம் என்று இவள்தான் சொன்னாள். அவளே உரித்தும் கொடுத்தாள். மூன்றாவது பாலம் நின்றது.'

அந்த மாணவிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுடைய பெற்றோர் இதைப் படித்தால், தயவுசெய்து அவளிடம் படித்துக் காட்டுங்கள்.

மேசைகளும் புத்தகங்களும் அந்தந்த அறைக்குப் போய்விட்டன. கயிறு உடற்கல்வி அறையில் இருக்கிறது. எழுதி முடிக்காத நோட்டுகளை நூலக அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். காவலர் ஐயா மட்டும் தன்னுடையதைத் திருப்பித் தரவில்லை, இன்னும் பக்கம் இருக்கிறது என்கிறார். வேண்டியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான ஒருங்கிணைப்பு ஆசிரியை