அகச்சிவப்புப் படம் வரட்டும். வயலில் இறங்குவதும் தொடரட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பயிரின் நலத்தை அகச்சிவப்புப் படங்களைக் கொண்டு கண்காணிக்கும் முறையை வரவேற்கும் டெல்டா விவசாயிகளில் நானும் ஒருவன். ஆனால் அந்தப் படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை விளக்காமல் அதை ஊருக்குள் கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை.

நலமான இலை, சிவப்பு ஒளியைப் பச்சையத்தால் உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்புக் கதிரில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பயிர் நலிந்தால் இந்த வேறுபாடு குறையும். அதைத்தான் படம் அளக்கிறது. (காய்ச்சல் பார்க்கும் வெப்பக் கேமரா வேறு, இது வேறு.) 1970 வாக்கிலேயே இந்தியத் தொலையுணர்வுத் துறையின் முன்னோடியான பேராசிரியர் பிஷாரடியின் குழு, கேரளத் தென்னையின் வாடல் நோயை ஹெலிகாப்டரிலிருந்து அகச்சிவப்புப் படச்சுருளில் பதிவு செய்திருக்கிறது. இன்று ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சிக்கல் நம் வயலில்தான் தொடங்குகிறது. தேங்கிய நீர் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால், நடவு முடிந்து தூர் கட்டாத நல்ல பயிரும் படத்தில் நோஞ்சானாகவே தெரியும். ஒரு வயலில் நேரடி விதைப்பு, வரப்புக்கு அப்பால் பின்தங்கிய நடவு என்றிருக்கும்போது, இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்தால் வயது வித்தியாசம் நோயாகிவிடும். சென்டினல்-2 படத்தின் ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஒரு மா (ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர்) நிலத்துக்குச் சுமார் 13 கட்டங்கள்தான் தேறும், அவற்றிலும் ஓரத்துக் கட்டங்களில் வரப்பும் வாய்க்காலும் கலந்திருக்கும். சம்பா பருவத்திலோ மழைமேகம் வாரக்கணக்கில் மறைத்துவிடுகிறது.

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சியான புகையானை எடுத்துக்கொள்வோம். அது தூரடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே மொய்த்துச் சாறு உறிஞ்சும்போது, மேலே தோகை பச்சையாகவே இருக்கும். பயிர் வட்ட வட்டமாகக் கருகிப் படத்தில் தெரியவரும் நேரத்தில் மருந்தடித்துப் பெரிய பயனில்லை. தூரை விலக்கிப் பார்ப்பவருக்கோ அது முன்பே தெரிந்துவிடும்.

எனவே, வேளாண்மைத் துறை இப்படங்களை நடவுத் தேதி, ரகம் ஆகியவற்றுடன் இணைத்து, வருவாய்க் கிராம வாரியாக அந்தந்த வாரமே வேளாண் விரிவாக்க மையங்களில் ஒட்ட வேண்டும். நலிவு தெரியும் வயல்களுக்கு உதவி வேளாண்மை அலுவலர் முதலில் செல்லட்டும். நேரில் யாரும் பாராமல், படத்தை மட்டும் காட்டிப் பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டை மறுக்கும் நிலை எக்காரணம் கொண்டும் வரக்கூடாது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்